குதிரைவலுவும் தராசும்

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு உர மூடைகளை ஏற்றிச் செல்லும் லொறி, செங்குத்தான வளைவுகளில் முதலாவது கியரில் முனகிக்கொண்டு ஏறுவதை மலையக மக்கள் நன்கறிவர். அவ்வேளையில் லொறியைக் காப்பது சில்லைத் திருப்புகின்ற பலமேயாகும். பொறியியலில் இதனை முறுக்கம் என்பர். முறுக்கம் போதாவிடின் லொறி நின்றுவிடும்; சாரதி தடையை அழுத்தி, சில்லுக்குக் கல் வைத்துத் தப்பிக்கொள்ளலாம். ஆகாயத்தில் செல்லும் விமானத்திற்கு அத்தகைய வாய்ப்பு இல்லை.

பெரும் நிறுவனங்கள் தயாரிக்கும் விமான எஞ்சின்கள் பலவகைச் சோதனைகளின் பின்னரே விற்பனைக்கு வருகின்றன. ஆனால், தனிநபர்கள் தமது வீட்டிலோ சிறு பட்டறையிலோ அமைத்துக்கொள்ளும் விமானங்கள் உலகின் பல நாடுகளில் உள்ளன. எமது நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற பொறியியலாளர் ரே விஜேவர்தன, இலகு விமானங்களையும் சுழலிறகு விமானங்களையும் தாமே வடிவமைத்து, தாமே ஓட்டிப் பார்த்தவர். 1950களில் இருசில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கியவரும், 2002 முதல் 2007 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கியவரும் அவரேயாவார். 2010ஆம் ஆண்டு அவர் காலமானார்.

இவ்வாறு விமானம் அமைப்போரில் பலர், மோட்டார் வாகன எஞ்சின்களை மாற்றியமைத்துப் பயன்படுத்துவதுண்டு. அங்குதான் சிக்கல் எழுகின்றது. எஞ்சினின் விபரப் பத்திரத்தில் 65 குதிரைவலு என அச்சிடப்பட்டிருக்கலாம். வாகனத்தில் நிமிடத்திற்கு 4,500 சுற்றுகள் சுழலும்போது கிடைக்கும் வலு அது. ஆனால், விமானத்தின் சுழல்விசிறியை நேரடியாக இணைத்தால் எஞ்சினைச் சுமார் 3,000 சுற்றுகளிலேயே இயக்க வேண்டியிருக்கும். வலு என்பது முறுக்கமும் சுழல்வேகமும் சேர்ந்த பெருக்கமாகையால், சுற்றுகள் குறையும்போது வலுவும் குறைகின்றது. உண்மையில் கிடைப்பது எவ்வளவு என்பதை அளந்தே அறிய வேண்டும்.

அளக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. எஞ்சின் விசிறியை ஒரு திசையில் முறுக்கும்போது, விசிறியும் எஞ்சினை எதிர்த்திசையில் அதேயளவு முறுக்குகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதி இதுவே. எனவே, சுழல் தண்டின் அச்சைப் பற்றித் தாராளமாக அசையக்கூடிய தொட்டிலொன்றில் எஞ்சினைப் பொருத்தி, அதிலிருந்து 1 மீற்றர் நீளமான இரும்புக் கரமொன்றை நீட்டி, அதன் முனையைத் தராசொன்றின் மீது ஊன்றச் செய்தால் போதுமானது. 3,000 சுற்றுகளில் தராசு 12 கிலோகிராம் காட்டுமாயின், முறுக்கம் ஏறத்தாழ 118 நியூற்றன் மீற்றர். வலு சுமார் 50 குதிரைவலு. 1821ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியியலாளர் புரோனி அமைத்த தடைமானியும் கரமும் எடையும் கொண்ட இதே தத்துவத்தில் இயங்கியதாகும்.

எளிய முறையெனினும் கவனம் தேவை. சோதனைக்கு முன்னர் அறிந்த எடையொன்றைக் கரத்தின் முனையில் தொங்கவிட்டுத் தராசைச் சரிபார்த்தல் வேண்டும். விசிறியிலிருந்து சுழன்று வரும் காற்று எஞ்சின் மீதும் தொட்டில் மீதும் மோதி, முறுக்கத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். விசிறி சுழலும் தளத்தின் நேரே எவரும் நிற்கலாகாது.

அடுத்து, உயரத்தின் விளைவையும் கருத்திற்கொள்ள வேண்டும். மலையேற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகின்றது; எஞ்சின் உள்ளிழுக்கும் ஒட்சிசனும் குறைகின்றது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில், சாதாரண பெற்றோல் எஞ்சினொன்று கரையோரத்தில் தருவதிலும் 6 அல்லது 7 வீதம் குறைவான வலுவையே தரும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இக்குறைவு 18 வீதத்தை எட்டலாம். எனவே, இரத்மலானையில் பெற்ற அளவீட்டை அப்படியே மலைநாட்டிற்குப் பொருத்திவிட முடியாது.

இக்கணக்கு ஏன் உயிர்க்கணக்காகின்றது? மட்டமாகப் பறப்பதற்கு 35 குதிரைவலு வேண்டிய விமானம், மேலெழுவதற்கு எஞ்சிய வலுவையே நம்பியிருக்கின்றது. சுழல்விசிறியில் ஏற்படும் இழப்பை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 65 என நம்பியவருக்குக் கையிருப்பு 30. உண்மையில் 50 மட்டுமே எனில் கையிருப்பு 15. அதாவது, பத்திரத்திற்கும் தராசுக்கும் இடையிலான வேறுபாடு மேலெழும் ஆற்றலில் சரிபாதியைத் தின்றுவிடுகின்றது. ஓடுபாதையைவிட்டுக் கிளம்பிய பின், எதிரேயுள்ள மரங்களைத் தாண்ட முடியாது தவிக்கும் நிலை இதனாலேயே தோன்றுகின்றது.

பசறைப் பிள்ளைகள் விமானம் கட்ட வேண்டுமென்று நாம் கூறவில்லை. சிவில் விமானத்துறை அதிகாரிகளின் அனுமதியின்றி அது இயலாது. ஆயினும், 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 முதல் உள்ளது. பழைய நீரிறைக்கும் எஞ்சினொன்று, இரும்புக் கரம், தராசு ஆகியவற்றைக் கொண்டு, தகுந்த பாதுகாப்புடனும் ஆசிரியரின் மேற்பார்வையிலும் இப்பரிசோதனையைத் தோட்டப்புறப் பாடசாலையிலும் செய்து பார்க்கலாம். உபகரணம் வரட்டும் எனக் காத்திருப்பதிலும் பார்க்க, உள்ளதைக் கொண்டு அளக்கத் தொடங்குவது மேலானது.

நாள்தோறும் கொழுந்து நிறுக்கும் தராசின் முன்னே நின்று பழகிய சமூகம் எம்முடையது. முள் சரியாக நிற்கின்றதா, கழிவு நியாயமானதா என்று எம் தாய்மார் கேட்டுவந்த கேள்வியை, எஞ்சினைப் பார்த்தும் விளம்பரத்தைப் பார்த்தும் பிள்ளைகள் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சொல்லப்பட்ட எண்ணை ஏற்குமுன் அதனை அளந்து பார்க்கும் துணிவே விஞ்ஞானக் கல்வியின் முதற்படியாகும். அத்துணிவை வளர்க்கும் பொறுப்பு ஆசிரியருக்கும் கல்வி அதிகாரிகளுக்கும் உரியது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.