கையை எடுத்தாலும் திசை மாறாத படகு

சுக்கான் என்ற சொல் அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது. கடலோடிய நம் முன்னோர் கப்பலைத் திருப்பும் கருவியை அப்படித்தான் அழைத்தார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கடல் இல்லை. வெள்ளாறும் கொள்ளிடமும் ஏரிகளும் இருக்கின்றன. கல்லூரியில் புராஜெக்ட் தேடும் நம் பிள்ளைகள் சிறு மின்படகுக்கு ஒரு மோட்டார் சுக்கான் செய்து பார்க்கலாம்.

இதன் தேவை என்ன?

சிறு படகின் பின்புறம் மாட்டும் மின்மோட்டாரை ஒரு கை எப்போதும் பிடித்திருக்க வேண்டும். வலை இழுக்க இரு கையும் போனால் படகு திரும்பிவிடும். ஒரு கை செயலிழந்தவருக்கோ படகில் வேறு வேலையே செய்ய முடியாது. சுவிட்சைத் தட்டினால் திரும்பும் என்றால் இந்தச் சிரமம் தீரும்.

எப்படிச் செய்வது?

பழைய கார் பாகங்கள் விற்கும் கடையில் 12 வோல்ட் வைப்பர் மோட்டார் கிடைக்கும். அதனுள் இருப்பது வார்ம் கியர். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தைத் தள்ளி மோட்டாரைச் சுற்றுவது கடினம். அதனால் மின்சாரம் இல்லாதபோதும் படகு மோட்டார் வைத்த திசையிலேயே நிற்கும்.

வைப்பர் மோட்டாரில் 11 பல் சக்கரம், படகு மோட்டாரின் தண்டில் 44 பல் சக்கரம் பொருத்திச் செயினால் இணைக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 சுற்று என்பது 10 ஆகக் குறையும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் அதையும் பாதியாக்கினால், இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு 120 டிகிரி திரும்ப 4 விநாடி ஆகும். இது போதுமான வேகம்.

கவனிக்க வேண்டியவை

* இரு கோடியிலும் லிமிட் சுவிட்ச் வேண்டும். அதற்குக் குறுக்கே ஒரு டயோடு வைத்தால்தான் கோடியிலிருந்து திரும்பி வர முடியும்.
* பல வைப்பர் மோட்டார்களில் இரும்பு உடலே நெகட்டிவ். திசை மாற்ற மின்முனையை மாற்றும்போது உடலில் பாசிட்டிவ் ஏறும். எனவே ரப்பர் அல்லது மரத்தின் மேல் பொருத்துங்கள்.
* பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் போடுங்கள்.
* செயினைக் கழற்றிக் கையால் திருப்ப ஒரு பின் இருக்கட்டும். நடுத்தண்ணீரில் பழுதானால் கரை சேர்வது அதனால்தான்.

முதல் சோதனை தரையில் நடக்கட்டும். தண்ணீரில் இறங்கும்போது லைஃப் ஜாக்கெட்டும், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரும் கட்டாயம். ஏரியில் படகு விட முன் அனுமதி கேளுங்கள். 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி பறவைகள் சரணாலயம் இதற்கான இடமல்ல.

கேரளத்தில் வைக்கம் - தவணக்கடவு இடையே 75 பேர் ஏறும் சூரிய சக்திப் படகு ‘ஆதித்யா’ 2017இல் ஓடத் தொடங்கியது. மின்படகு கைக்கெட்டாத கனவல்ல. விடுமுறையில் செல்போனோடு இருக்கும் பிள்ளையிடம் ஒரு பழைய வைப்பர் மோட்டாரைக் கொடுத்துப் பார்ப்போம்.