முதல்வர் நாற்காலியிலிருந்து வாஷிங்டன் வரை: இந்தியாவில் இல்லாத ஏணி

புது தில்லி: பகலில் வேலைக்குச் சென்று மாலையில் படிப்பவர்கள், கட்டணம் செலுத்த வசதியில்லாதவர்கள், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் ஆகியோரை நம்பி நடப்பவை சமுதாயக் கல்லூரிகள். அத்தகைய கல்லூரி ஒன்றை நிர்வகித்தவர், ஒரு நாட்டின் உயர் கல்விக் கொள்கையை வகுக்கும் நிலைக்கு உயர முடியுமா? அமெரிக்காவில் 2009-ம் ஆண்டு அது நடந்தது.

அதிபர் ஒபாமா அந்த ஆண்டு மத்தியக் கல்வித் துறையின் "அண்டர் செகரட்டரி' பதவிக்கு மார்த்தா கான்டர் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். தில்லி அமைச்சகங்களில் அதே பெயரில் உள்ள சார்புச் செயலர் பதவியோடு இதை ஒப்பிட முடியாது. அதிபர் நியமித்து, செனட் சபை ஒப்புதல் அளிக்க வேண்டிய உயர் பதவி இது. கல்லூரிக் கல்வியும் மாணவர் நிதியுதவியும் இதன் பொறுப்பில் உள்ளன. சமுதாயக் கல்லூரிப் பின்னணியிலிருந்து இப் பதவிக்கு வந்த முதல் நபர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அவரது பயணம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மாற்றுமுறைப் பள்ளி ஒன்றின் ஆசிரியராகத் தொடங்கியது. பின்னர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரக் கல்லூரியில், கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்காகத் தனித் திட்டம் ஒன்றை உருவாக்கினார். அங்கிருந்து படிப்படியாக நிர்வாகப் பொறுப்புகளுக்கு உயர்ந்து, மாநில சமுதாயக் கல்லூரிகளின் தலைமை அலுவலகத்திலும் பணியாற்றினார். 1993-ல் குபெர்டினோ நகரிலுள்ள டி அன்சா கல்லூரியின் தலைவரானார். 2003-ல் ஃபுட்ஹில், டி அன்சா ஆகிய இரு கல்லூரிகளை உள்ளடக்கிய மாவட்டத்தின் வேந்தர் பொறுப்பை ஏற்றார். பாடநூல்களின் விலை ஏழை மாணவர்களுக்குச் சுமையாவதைக் கண்டு, இலவசப் பாடநூல்களுக்காகக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 2007-ல் உருவாகவும் காரணமாக இருந்தார்.

வாஷிங்டனில் அவருக்குக் கிடைத்தது முழு வெற்றியல்ல. ஏழை மாணவர்களுக்கான "பெல்' உதவித்தொகை பெறுவோர் எண்ணிக்கை அவரது பதவிக் காலத்தில் சுமார் 60 லட்சத்திலிருந்து 90 லட்சத்துக்கும் மேல் உயர்ந்தது. ஆனால், சமுதாயக் கல்லூரிகளுக்கென 2009-ல் ஒபாமா அறிவித்த 1,200 கோடி டாலர் திட்டம், 2010-ல் நாடாளுமன்றத்தைக் கடந்தபோது 200 கோடி டாலராகச் சுருங்கியது. கான்டர் 2013-ல் பதவியிலிருந்து விலகினார்.

தில்லியிலும் அந்த ஆண்டுகளில் இதே கல்லூரிகளைப் பற்றிய பேச்சே ஓங்கியிருந்தது. 2011 அக்டோபரில் வாஷிங்டனில் நடைபெற்ற இந்திய-அமெரிக்க உயர் கல்வி மாநாட்டில் அன்றைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் பங்கேற்றார். 2012-ல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூட்டத்துக்குப் பின், சோதனை முயற்சியாக 200 சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்க முடிவெடுக்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 12-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அதைச் செயல்படுத்தியது.

இந்தியாவுக்கு இது புதிய கருத்தல்ல. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-லும், சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபை 1996-லும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கிவிட்டன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009-ல் நாடு முழுவதும் இதை விரிவுபடுத்தியது. சில ஆண்டுகளிலேயே அத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

மாணவர்களுக்கான ஏணி காகிதத்திலாவது தெளிவாக வரையப்பட்டது. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி ஓராண்டுப் படிப்புக்கு டிப்ளமோ, ஈராண்டுக்கு உயர்நிலை டிப்ளமோ, மூன்றாண்டுக்குத் தொழிற்கல்விப் பட்டம் என்று படிகள் அமைந்தன. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு மீண்டும் சேரும் வசதியை 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை பொதுவான கல்லூரிகளுக்கும் விரித்தது.

ஆனால், அக் கல்லூரிகளை நடத்துவோருக்கான ஏணி எங்கே? மானியக் குழுவின் திட்டத்தில் சமுதாயக் கல்லூரி என்பது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள கல்லூரியின் ஒரு பிரிவுதான். தன் துறையில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரே கூடுதல் பொறுப்பாக அதை ஏற்கிறார். பயிற்சி அளிக்கும் தொழிற்சாலையைத் தேடுவது, திறன் மன்றத்தின் தேர்வுக்கு ஏற்பாடு செய்வது, மானியத்துக்குக் கணக்கு ஒப்படைப்பது, வேலைவாய்ப்புக்கு அலைவது எல்லாம் அவர் தலையில். திட்டக் காலம் முடிந்தால் அந்தப் பொறுப்பும் முடிந்துவிடும். அவர் கற்றுக்கொண்டது அடுத்து வருபவருக்குக் கைமாறுவதில்லை.

கலிஃபோர்னியாவில் 1960-ம் ஆண்டின் உயர் கல்வித் திட்டம், சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வழியை உறுதி செய்தது. அதன் பலன் மாணவர்களோடு நிற்கவில்லை. அக் கல்லூரிகள் நிலையான அமைப்பாக வேரூன்றியதால், அவற்றின் நிர்வாகமும் வாழ்நாள் பணியாக மதிக்கப்பட்டது. கற்றல் குறைபாடுள்ள மாணவர்களைக் கவனித்த ஓர் ஆசிரியை தலைநகர் வரை செல்ல முடிந்தது அதனால்தான்.

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் திறன் மேம்பாடு குறித்த கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை மையங்கள், எவ்வளவு நிதி, எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற வினாக்களுக்குப் பதில்களும் அட்டவணைகளாக வருகின்றன. அந்த மையங்களைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நடத்த யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அந்த அட்டவணைகளில் இடமில்லை.