செப்பனிடும்போது பலவீனமாகும் எலும்பு

பிறந்த குழந்தையிடம் அது இருப்பதில்லை. வாழ்நாளில் எழுந்து நடக்கவே முடியாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தபோதும் தென்படவில்லை. ஆனால் நடமாடும் பெரியவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. முள்ளந்தண்டின் இடுப்புப் பகுதியில் விழும் மெல்லிய விரிசலைத்தான் சொல்கிறேன். நிமிர்ந்து நடக்கும் உடம்பின் நோய் இது.

ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்திலும் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒடுங்கிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. விரிசல் விழுவது அதில்தான். நாம் பின்னால் வளைந்து திரும்பினால் சுமை அங்கேதான் இறங்கும். இடுப்பின் ஐந்தாவது, அதாவது கடைசி எலும்பு சரிந்து உட்கார்ந்திருப்பதால் அடி அதற்கே அதிகம்.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினைந்து வயதுப் பையன் ஓடிவந்து வேகப்பந்து வீசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வலக்கைக்காரன். இடது கால் தரையில் ஊன்றும் கணத்தில் அவன் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை காலில் ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, திருகுகிறது. அதனால் விரிசல் பெரும்பாலும் இடப்பக்கமே விழுகிறது. கரப்பந்தில் எம்பி அடிப்பவர்களுக்கும், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்பவர்களுக்கும், பளு தூக்குபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஒரு பந்தால் எலும்பு உடைவதில்லை. ஒவ்வொரு பந்தும் கண்ணுக்குத் தெரியாத கீறலைப் போடும். உடம்பு அதைச் செப்பனிடும். அந்த வேலை நடக்கும் விதம்தான் வியப்பு. குழி விழுந்த தோட்டத்து ரோட்டைப் போடுகிறவர்கள் முதலில் பழைய தாரைக் கொத்தி எடுப்பதைப் போல, எலும்பும் பழுதான பகுதியை முதலில் அரித்து அகற்றுகிறது. அரிப்பது சில வாரம். புது எலும்பை நிரப்பிக் கெட்டியாக்குவது பல மாதம். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்னைவிடப் பலவீனமானது. அப்போதும் பந்து வீசிக்கொண்டிருந்தால் கீறல் முறிவாகிறது.

இடுப்பு எலும்புகள் முழுமையாகக் கெட்டிப்பட இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பட் கமின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், ஜொகன்னஸ்பேர்க்கில் தன் முதல் டெஸ்டில் ஏழு விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில்தான். முதுகு விரிசல் திரும்பத் திரும்ப வந்தது முக்கிய காரணம். தமிழ்நாட்டின் லட்சுமிபதி பாலாஜியையும் முதுகு விரிசல் நீண்டகாலம் முடக்கியது. மீண்டு வந்தவர் 2008இல் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார்.

இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை 15 வயது வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ச்சியாக ஆறு ஓவர், நாளுக்குப் பன்னிரண்டு ஓவர் என்று வரம்பு வைத்தது. நம் பக்கத்தில் சிக்கல் வேறு. நன்றாக வீசும் பையன் பாடசாலைக்கும் வீசுவான், தோட்டத்து அணிக்கும் வீசுவான், ஞாயிற்றுக்கிழமை மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கும் போவான். ஒவ்வோர் அணியும் தன் ஓவரை மட்டுமே எண்ணும். மொத்தக் கணக்கு அவன் முதுகில் ஏறும். அதைக் கூட்டிப் பார்க்க வீட்டிலோ பாடசாலையிலோ ஒருவர் வேண்டும்.

இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் வலி, ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்தால் கூடுகிறது என்றால், பிடிப்பு என்று தைலம் பூசிவிட்டு மறுநாள் மைதானத்துக்கு அனுப்பக் கூடாது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். ஆரம்பத்திலேயே பிடித்து, குறைந்தது மூன்று மாதமாவது பந்தைத் தொடாமல் இருந்தால் பெரும்பாலும் எலும்பு கூடிவிடும். தாமதித்தால் அந்த விரிசல் கூடாமலே போகலாம்.