பிழையைத் தேடக் கற்றுக்கொடுங்கள்

பள்ளிக்கூடத்தில் கணினி – 6

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்கு சி++ மொழியும் பிளஸ் டூவுக்குப் பைத்தானும் இடம்பெற்றிருப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். எந்த மொழி நல்லது என்று நாம் நிறையவே விவாதித்துவிட்டோம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இரண்டு ஆண்டுகள் புரோகிராமிங் படித்த ஒரு மாணவிக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? தவறாக ஓடும் ஒரு நிரலைப் பார்த்து, தவறு எங்கே இருக்கிறது, ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பேன். மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால்தான். நம் தேர்வுகளோ அதைச் சோதிப்பதே இல்லை என்னும் அளவுக்கு அதற்குக் குறைந்த இடமே கொடுக்கின்றன.

ஒரு சிறிய நிரலை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்ட வேண்டும். மாணவி பைத்தானில் ‘ரேஞ்ச்’ என்பதற்குள் 1, 10 என்று எழுதி மடக்கை ஓடவிடுகிறாள். விடை 55 வர வேண்டும். திரையில் 45 வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இலக்கணப்படி நிரல் சரி, விடைதான் தவறு. புத்தகத்தில் 11 என்று போட்டிருந்ததை மனப்பாடம் செய்தவளுக்கு 55 கிடைத்துவிடும். ஆனால் ஏன் 11 என்று கேட்டால் பதில் இருக்காது. தேடத் தெரிந்தவள் கணக்கைச் சுருக்கிப் பார்ப்பாள். 1 முதல் 3 வரை கூட்டினால் 6 வர வேண்டும், 3தான் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு என்ன என்று தாளில் எழுதினால் 1, 2 என்பதோடு மடக்கு நின்றுவிடுவது தெரியும். கடைசி எண்ணைத் தொடுவதற்கு முன்பே பைத்தான் நின்றுவிடும் என்ற விதியை அவள் தானாகவே கண்டடைகிறாள். எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, வித்தியாசம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று வரிசையாகக் கேட்கும் பழக்கம்தான் இந்தப் பாடத்தின் உண்மையான பலன்.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்ஸிக், சிந்தியா சாலமன் ஆகியோர் 1967-ல் சிறுவர்களுக்காக லோகோ மொழியை உருவாக்கினார்கள். நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் தம் சிந்தனையையே ஆராயப் பழகுவார்கள் என்று பேப்பர்ட் உறுதியாக நம்பினார். 1980-களில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் இதைச் சோதித்தபோது, லோகோ படித்த பிள்ளைகள் வேலைகளைத் திட்டமிடுவதில் மற்ற பிள்ளைகளைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. புரோகிராமிங் படித்தாலே அறிவு கூர்மையாகிவிடும் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போனது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. டேவிட் கிளார், ஷரன் கார்வர் இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், பிழை தேடும் முறையைப் படிப்படியாக, வெளிப்படையாகவே கற்பித்தார்கள். அப்படிக் கற்ற பிள்ளைகள், கணினிக்குத் தொடர்பே இல்லாத எழுத்து வழிக்குறிப்புகளில் இருந்த தவறுகளையும் முன்பைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். தானாக வந்து ஒட்டிக்கொள்ளாத திறமை, கற்றுக்கொடுத்தால் வருகிறது; வந்தபின் வேறு இடங்களிலும் பயன்படுகிறது.

நிரலை வாசிக்கும் திறனுக்கும் இதே நிலைதான். ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் ஏழு நாடுகளில் நடந்து 2004-ல் வெளிவந்த ஆய்வு, புரோகிராமிங் பாடம் படித்த கல்லூரி மாணவர்களிடம் சின்னஞ்சிறு நிரல்களைக் கொடுத்து, ஓடி முடித்தபின் என்ன விடை வரும் என்று கேட்டது. பலர் தடுமாறினார்கள். ஒரு நிரலை வரிவரியாகப் பின்தொடரத் தெரியாதவர்களை எழுதச் சொன்னால், நினைவிலிருப்பதைத் தாளில் இறக்கி வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

நம் பிளஸ் டூ தேர்வில் எழுத்துத் தாளுக்கு 70 மதிப்பெண். வரையறை, வகைகள், வேறுபாடுகள் என்ற கேள்விகளே அதில் பெரும்பகுதி. செய்முறைத் தேர்வுக்கான நிரல்களின் பட்டியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் மனப்பாடம் செய்வதுதான் பாதுகாப்பான வழி. அதற்காக மாணவர்களையோ ஆசிரியர்களையோ குறை சொல்ல முடியாது. தேர்வு எதைக் கேட்கிறதோ வகுப்பு அதைத்தான் கற்பிக்கும்.

தேர்வைக் கடினமாக்கினால் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள் என்ற கவலை நியாயமானது. ஆனால் வெற்றுத்தாளில் முழு நிரல் எழுதுவதைவிட, எட்டு வரி நிரலில் ஒரு தவறைக் காண்பது எளிது. அதற்கு ட்யூஷன் வேண்டாம், பயிற்சி போதும். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளில் பிழை நீக்கி எழுதும் கேள்வியும், வெளியீட்டைக் கண்டுபிடிக்கும் கேள்வியும் ஏற்கெனவே உண்டு. பொதுத்தேர்வில் இது சாத்தியமே.

போதுமான கணினிகள் இல்லை என்பது அடுத்த தடை. புரோகிராமிங்கை இரண்டாவது எழுத்தறிவு என்று 1981-ல் அறிவித்த ஆந்திரேய் யெர்ஷோவின் முயற்சியால், 1985-ல் சோவியத் ஒன்றியம் உயர்நிலை வகுப்புகளுக்கு இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தது. அப்போது பெரும்பாலான பள்ளிகளில் கணினியே கிடையாது. தாளில் அட்டவணை போட்டு, மாறிகளின் மதிப்பைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து மாணவர்கள் படித்தார்கள். கணினி இல்லாமலேயே இருக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நிரல் ஓடித் தோற்பதைக் கண்ணால் காண வேண்டும், அதற்கு ஆய்வகம் கட்டாயம் தேவை. ஆனால் ஆய்வகத்தில் முறை வரும்வரை காத்திருக்கும் நேரம் வீணாக வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது தரும் நிரலும் பிழைச் செய்தி இல்லாமல் 45 என்று காட்டக்கூடும். எழுதும் வேலை குறையக் குறைய, எழுதப்பட்டது சரியா என்று பார்க்கும் பொறுப்பு மனிதரிடமே வந்து சேர்கிறது. சோதிக்கத் தெரியாதவர்கள் வந்த விடையை அப்படியே நம்ப வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது பெரிய புரட்சி இல்லை. எழுத்துத் தாளில் 70-க்கு 20 மதிப்பெண்ணாவது புதிய நிரல்களை வாசிக்கவும் பிழை காணவும் ஒதுக்க வேண்டும். செய்முறைத் தேர்வில், பட்டியலிலுள்ள நிரலையே ஒரு தவறோடு கொடுத்துச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். முக்கியமாக, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இங்கிலாந்து 2014-ல் கணினிப் பாடத்திட்டத்தை அடியோடு மாற்றியது. பல ஆசிரியர்கள் இன்னும் தன்னம்பிக்கையின்றி இருப்பதை மூன்றாண்டுகள் கழித்து ராயல் சொசைட்டி அறிக்கை எடுத்துக்காட்டியது. ஆசிரியர்களைத் தயார்செய்யாமல் பாடத்தை மாற்றும் தவறை நாம் செய்ய வேண்டாம். பள்ளிக் கல்வித் துறை அடுத்த மாதிரி வினாத்தாளிலேயே இதைத் தொடங்கலாம்.

(தொடரும்)