வோல்பாக்கியா: டெங்குவைத் தடுக்கும் பாக்டீரியா

டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது பெரும்பாலும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு. பகலில் கடிக்கும் இக்கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். புகை அடித்தால் குறையும். சில வாரங்களில் மீண்டும் பெருகிவிடும். எனவே சில ஆய்வாளர்கள் வேறு விதமாக யோசித்தனர். கொசு இருந்துவிட்டுப் போகட்டும், அதன் உடலில் வைரஸ் பெருகாமல் செய்ய முடியுமா?

இதற்குக் கைகொடுத்தது வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா. 1924-இல் அமெரிக்காவில் ஹெர்டிக், வோல்பாக் ஆகிய இருவர் இதைக் கியூலெக்ஸ் கொசுவில் கண்டறிந்தனர். பிற உயிர்களின் உயிரணுக்களுக்குள் மட்டுமே வாழக்கூடிய இது, பல்வேறு பூச்சியினங்களில் இயற்கையாகவே காணப்படுகிறது. ஏடிஸ் எஜிப்டியில் இயற்கையாக இல்லை என்பது நமது துரதிர்ஷ்டம். ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓநீல் குழுவினர் பழ ஈயிலிருந்து இதை எடுத்து, நுண்ணிய ஊசி மூலம் கொசு முட்டைக்குள் செலுத்தினர். இந்தப் பாக்டீரியா உள்ள கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை.

பாக்டீரியா தானாகப் பரவும் விதம்தான் இம்முறையின் பலம். வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண்ணுடன் கூடினால் முட்டைகள் பொரிவதில்லை. வோல்பாக்கியா உள்ள பெண் எந்த ஆணுடன் கூடினாலும் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகளுக்கும் பாக்டீரியா வந்துவிடும். ஆகவே சில மாதங்கள் கொசுக்களை விட்டால் போதும், பிறகு தலைமுறை தலைமுறையாக அதுவே நிலைத்துவிடும். சிங்கப்பூர் இதே பண்பை வேறு வகையில் பயன்படுத்துகிறது. அங்கே ஆண் கொசுக்களை மட்டுமே விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. கொசுவின் எண்ணிக்கையும் குறையும். ஆனால் விடுவதை நிறுத்த முடியாது.

முதல் கொசுக்கள் 2011-இல் ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் பகுதியில் விடப்பட்டன. உறுதியான சான்று இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரிலிருந்து வந்தது. நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் தேர்ந்த 12 பகுதிகளில் மட்டும் வோல்பாக்கியா கொசுக்களைப் பரப்பினர். பிறகு காய்ச்சலுடன் மருத்துவ நிலையங்களுக்கு வந்த 3 முதல் 45 வயது வரையுள்ள 8,144 பேரைச் சோதித்தனர். கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடும், டெங்குவால் மருத்துவமனையில் சேர்வது 86 விழுக்காடும் குறைந்திருந்தன. நான்கு வகை டெங்கு வைரஸ்களுக்கும் பலன் தெரிந்தது. முடிவுகள் 2021-இல் வெளியாயின.

வெப்பம் ஒரு சிக்கல். பழ ஈயிலிருந்து பெற்ற வகை, புழுக்கள் வளரும் நீர் 37 டிகிரி வரை சூடேறினால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மலேசியாவில் வெப்பம் தாங்கும் வேறொரு வகையைப் பயன்படுத்துவதற்கு இதுவே காரணம். 2022-இல் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் உள்ளூர்க் கொசுக்களுடன் கலந்து, இவ்விரு வகைகளையும் கொண்ட கொசுக்களை உருவாக்கியதாக அறிவித்தது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டி நீர் எவ்வளவு சூடாகும் என்பது நமக்குத் தெரியும். இங்கே எந்த வகை நிலைக்கும் என்பதை ஆய்வகத்துக்கு வெளியேதான் பார்க்க முடியும்; அதற்கு அரசின் அனுமதி வேண்டும்.