காற்றின் கனத்தால் அளக்கும் உயரம்

ஆனி, ஆடி மாதங்களில் வீரகேரளம்புதூரிலிருந்து மேற்றிசை நோக்குவோருக்கு, பிற காலங்களில் நீலநிறமாய்த் தெளிந்து நிற்கும் குற்றால மலையும் அதன் இருமருங்கும் தொடரும் சிகரங்களும் மேகத்துள் மறைந்துபோக, சாரற்காற்று ஒன்றே மலையிருக்கும் திசையை உணர்த்தி நிற்கும். தரையில் நிற்பவருக்குப் பேரானந்தமளிக்கும் அக்காலம், இம்மலைத்தொடரைக் கடந்து செல்லும் விமானிக்கு விசேஷ ஜாக்கிரதை வேண்டுங் காலமாகும். 1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூரை அடுத்த மலையில் மோதி 21 பேர் மாண்ட துயரச் சம்பவம், மலைமீது பறப்போருக்குச் சில நூறு அடி உயரம் எத்துணை அருமையானது என்பதை நமக்கு நினைவூட்டும்.

அந்த உயரத்தை விமானிக்கு அறிவிக்கும் பிரதான சாதனமாகிய உயரமானி, உண்மையில் உயரத்தை நேராக அளப்பதே இல்லை; தன்னைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தையே அது அளக்கிறது. அடுக்கிவைத்த பஞ்சுப் பொதிகளில் அடிப்பொதி மேலுள்ளவற்றின் பாரத்தால் நசுங்கிக் கிடப்பதுபோல, பூமியை ஒட்டிய காற்று மேற்காற்றின் கனத்தால் நெருங்கியும், மேலே செல்லச் செல்ல நெகிழ்ந்தும் இருக்கிறது. 1648இல் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவர் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயுடன் மலையேறி, உயர உயரப் பாதரசம் இறங்குவதைக் கண்ட நாள்முதல் இவ்வுண்மை நிரூபணமாயிற்று. 1844இல் லூசியன் விடி என்பவர், உள்ளிருக்கும் காற்றை நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டி, வெளியழுத்தம் குறையும்போது சற்றே உப்புவதைக் கொண்டு அழுத்தமானி ஒன்றை அமைத்தார். அப்பெட்டியே இன்றைய உயரமானியின் முன்னோடி. கடல்மட்டத்தருகே ஒரு மில்லிபார் அழுத்தம் குறைந்தால் ஏறக்குறைய 27 அடி ஏறியதாக முள் நகரும். சுமார் 18,000 அடியில் அழுத்தம் பாதியாகிவிடும்.

இந்தக் கணக்குக்கு ஆதாரமாக விஞ்ஞானிகள் ஒரு பிரமாண வாயுமண்டலத்தை வகுத்துள்ளார்கள். அதில் கடல்மட்டத்து அழுத்தம் 1013.25 மில்லிபார், உஷ்ணம் 15 டிகிரி செல்சியஸ், ஆயிரம் அடி ஏறுந்தோறும் உஷ்ணம் சுமார் 2 டிகிரி குறையும். ஆனால் இயற்கை இந்த ஏற்பாட்டுக்கு ஒருநாளும் முற்றிலும் அடங்குவதில்லை. நம் தென்னாட்டில் புயலோ மழையோ இல்லாத நாளிலுங்கூட, காற்றழுத்தம் காலை பத்து மணியளவில் உச்சமும் மாலை நான்கு மணியளவில் தாழ்வும் அடைகிறது. இந்த வேறுபாடு ஏறக்குறைய 3 மில்லிபார். ஆகவே காலையில் சரிசெய்து தரையிலேயே வைத்த உயரமானி, ஓரங்குலமும் நகராமலே, மாலையில் எண்பது அடி ஏறியதாகக் காட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி, தூத்துக்குடி வாகைக்குளம் நிலையத்தில் அழுத்தம் 1003 மில்லிபாருக்கு இறங்கியிருக்க, 1013 என்று முன்பு வைத்த அளவிலேயே ஒருவர் இறங்கி வருவாராயின், அவருடைய உயரமானி உண்மையைவிட ஏறக்குறைய 270 அடி அதிகமாகக் காட்டும். உயரமிருக்கிறதென்று எண்ணுமிடத்தில் தரை நெருங்கியிருக்கும். இந்த அபாயத்தைத் தவிர்ப்பதற்காகவே கருவியின் முகப்பில் ஒரு சிறு சாளரமும் திருகும் அமைந்திருக்கின்றன. நிலையத்திலிருந்து வானொலி வழியே வரும் அன்றைய அழுத்தத்தை விமானி திருகி வைத்துக்கொள்கிறார். வெகு உயரே பறக்கும்போதோ, எல்லா விமானங்களும் 1013.25 என்ற ஒரே அளவை வைத்துக்கொள்கின்றன. அங்கே அவற்றினிடையே உள்ள இடைவெளிதானே முக்கியம்! எல்லாருக்கும் ஒரே அளவாயிருப்பதால் அந்த இடைவெளி காக்கப்படுகிறது.

அழுத்தத்தைச் சரிசெய்த பின்னும் உஷ்ணம் செய்யும் மாறுதல் எஞ்சி நிற்கிறது. காற்று சூடேறினால் விரிகிறது. ஆதலால் அதே அழுத்தம் இன்னும் உயரத்தில் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் வாயுமண்டலம் பிரமாண அளவைவிட 20 டிகிரி வெப்பமாயிருந்தால், நிலையத்துக்கு மேல் 5,000 அடி என்று முள் காட்டும் விமானம் மெய்யாகச் சுமார் 350 அடி கூடுதலாகவே பறக்கிறது. இந்தப் பிழை காப்பாற்றும் பிழை. லடாக்கின் லே போன்ற மலைநாட்டு நிலையங்களிலோ, கடுங்குளிர் காற்றைச் சுருக்கிவிடுவதால் விமானம் காட்டிய உயரத்துக்குக் கீழே இருக்கும்; பத்து டிகிரி குளிர்ச்சிக்கு நூற்றுக்கு நான்கு பங்கு வீதம் என்பது விமானிகளின் கணக்கு. மலைகள் சூழ்ந்த இடத்தில் அந்த நான்கு பங்கைக் கூட்டிக்கொள்ளாமல் இறங்குவது பிராணாபாயம்.

இவ்வறிவு நம் மலைத்தொடருக்குப் புதிதன்று. திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன், விமானம் என்பதே தோன்றாத 1850களில், அகத்தியமலையில் சுமார் 6,000 அடி உயரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து, காந்தவியலோடு வானிலைக் குறிப்புகளையும் எடுக்கச் செய்தார். அத்தகைய பொறுமையான அளவீடுகளின் மேல் எழுந்ததே இன்றைய ஆகாயப் பிரயாணத்தின் பாதுகாப்பு. கருவி பொய் சொல்வதில்லை. தனக்குக் கொடுத்த அளவுக்கு உண்மையாயிருக்கிறது. அந்த அளவைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு மனிதனுடையது.

தென்காசி வட்டாரத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஓர் அழுத்தமானியை வாங்கி மாட்டி, மாணவர்களைக்கொண்டு காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் குறிப்பெடுக்கச் செய்ய வேண்டும். காற்றின் கனத்தைத் தம் கண்ணாலேயே கண்டறியும் பிள்ளைகளுக்கு, பாடபுத்தகத்தின் விஞ்ஞானம் தங்கள் ஊரின் விஞ்ஞானமாகிவிடும்.