கைபேசிக்குள் வரும் கேலி

பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வது எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் சாயங்காலம் மணி அடித்து வீட்டுக்கு வந்துவிட்டால் அன்றைய கேலி அன்றோடு சரி. இப்போதோ அது கைபேசிக்குள் புகுந்து, சாப்பாட்டுத் தட்டு, தலையணை வரைக்கும் கூடவே வந்து விடுகிறது.

எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி. ஆண்டு விழாவில் ஆடும்போது அவள் வாய் கோணிய ஒரு நொடியைப் படம் பிடித்து, கூடப் படிக்கிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். தலைவலி என்று அவள் லீவு போட்டதற்குக் காரணம் தெரியவே அம்மாவுக்கு ஒரு வாரம் ஆயிற்று. "ஏண்டி சொல்லலை?" என்றதற்கு, "சொன்னா போனைப் பிடுங்கி வெச்சுப்பியேம்மா" என்றாளாம். பிள்ளைகள் வாய் திறக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? முகத்துக்கு நேரே சொன்னால் எதிரில் இருப்பவள் கண் கலங்குவது தெரியும், மனசு இளகும். திரையில் கண்ணீர் தெரியாது. திரைக்கு முன்னால் கூச்சமும் கட்டுப்பாடும் கழன்று போவதைப் பற்றி ஜான் சூலர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 2004-லேயே எழுதியிருக்கிறார். அதோடு வேடிக்கை பார்க்கும் கூட்டம் வேறு. சிரிப்புப் பொம்மை போட நாற்பது பேர் இல்லாவிட்டால் இந்த விளையாட்டு இரண்டே நாளில் சலித்துப் போகும். பல சமயம் செய்கிறவர் அந்நியரும் இல்லை. நேற்று வரை நம் வீட்டில் வந்து டிபன் சாப்பிட்ட சிநேகிதிதான்!

விஷயம் தெரிந்ததும் போனைப் பிடுங்காதீர்கள், அந்த வீட்டுக்குச் சண்டைக்கும் ஓடாதீர்கள். பதிலுக்குத் திட்டி எழுத வேண்டாம். முதலில் செய்தி, தேதி, அனுப்பியவர் பெயர் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'பிளாக்' செய்வது அதற்கப்புறம். வகுப்புச் சண்டை என்றால் ஆசிரியையிடம் காட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

மிரட்டலோ ஆபாசப் படமோ என்றால் கதை வேறு. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். உதவிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் அடையாளக் குறியீடு மட்டும் போகும். அதை வைத்து, இதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தங்கள் தளங்களில் படத்தைத் தேடி நீக்க முடியும்.

இதையெல்லாம் விட முக்கியம், நம்புவது. 2016-ல் நம் தமிழ்நாட்டில், உருமாற்றிய படங்கள் முகநூலில் வெளியானதால் ஓர் இளம்பெண் உயிரை விட்டாள். பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். படிக்கும்போதே வயிறு கலங்கியது. "நீ ஏன் போட்டோ போட்டே?" என்ற கேள்வியை அன்றைக்கு மட்டுமாவது விழுங்கிவிடுங்கள். பெண் சாப்பிடாமல், தூங்காமல், 'இருந்து என்ன பயன்' என்கிற மாதிரி பேசினால் அவளைத் தனியே விடாமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சரி, கேலி செய்தது நம் பிள்ளையாகவே இருந்தால்? 'விளையாட்டுக்குத்தானே' என்று மூடி மறைக்காதீர்கள். படத்தை அழிக்கச் சொல்லி, மன்னிப்பையும் அதே குழுவில் கேட்கச் சொல்லுங்கள். கேலி நாற்பது பேர் முன்னால்தானே நடந்தது?